பேட்டரி உபயம்: மாடசாமி

கம்பெனியின் ஆண்டு மலரில் மாடசாமியின் படம் வந்திருக்கிறது. படத்துக்கு அடியில் ஆங்கிலத்தில் அச்சிட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘திரு. மாடசாமி, மின்வாகன ஓட்டுநர். நவீன இயந்திர நுட்பம் அறிந்த துடிப்பான இளைஞர். எந்தக் குளிரிலும் நிற்காத சேவை.’

இதில் ‘திரு’ மட்டும் ஓரளவு பொருந்தும். இளைஞருக்கு அப்போது ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. முன்பல் இரண்டு இல்லை என்பதால் படத்தில் வாயை இறுக்கி மூடியிருக்கிறார். நவீன இயந்திரம் என்று அதுவரை அவர் கைபட்டது பாக்குவெட்டி ஒன்றுதான். ஓட்டுநர், நிற்காத சேவை என்ற மற்ற இரண்டைப் பற்றித்தான் இந்தக் கதை.

உள்ளபடி அவர் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர். ஃபேக்டரி, ஆபீஸ், டிஸ்பென்சரி, கோயில் எல்லாம் கீழே. மலையின் தோளில் மேல் டிவிஷன். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் ஒரு வரிசை லைன் வீடுகள், டெலிபோன் கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஒரு லோரி ரோடு, வயிற்றுவலி வந்த பாம்பு மாதிரி புரண்டு புரண்டு ஏறும். மாடசாமி அந்த ரோட்டைச் சட்டை செய்ததே இல்லை. கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடையோடு ஏறி இறங்கித் தேய்த்த குறுக்குப் பாதை ஒன்று தேயிலைக்குள்ளே செங்குத்தாகப் போகும். அதில்தான் அவர் கடிதப் பையோடும் டிஸ்பென்சரி மருந்தோடும் ஏறுவார். அவர் கிளம்பிவிட்டார் என்று கீழே சொல்லி வாய் மூடுவதற்குள் மேலே போய் நிற்பார் என்பார்கள். மலைநாட்டில் அப்படி ஒரு கால் கிடையாது.

அந்தக் காலுக்குத்தான் சக்கரம் வாங்கி வைத்தார்கள்.

எண்ணெய் விலை உலகத்தையே உலுக்கிக்கொண்டிருந்த நேரம், எண்பதாம் வருஷம். சீமைக்கு லீவில் போன தோட்ட மேனேஜர் துரை திரும்பி வந்த பின்னால், ஒரு பெரிய மரப்பெட்டி அடிவாரத்துத் தாப்பா டவுனிலிருந்து லோரியில் வந்து சேர்ந்தது. பிரித்தால் ஒரு சைக்கிள். பின்சக்கரத்தில் குடம் போல ஒரு மோட்டார். கேரியரின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்க வேண்டிய கனத்தில் இரண்டு பேட்டரிப் பெட்டிகள். துரை பேசப் பேசப் ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி இராமையா தமிழில் சொன்னார்.

“பெட்ரோல் வேணாம், பொகை கெடையாது. இதுக்குத் தீனி கரண்டுதான். பகல்ல ஃபேக்டரி எஞ்சின் ஓடறப்ப நல்லா ஊட்டிடணும். மறுநாளு மேல போய்ட்டு கீழ வரலாம்.”

“நான் சோறு தின்னுட்டே மேல போய்ட்டு கீழ வந்துக்கிட்டுத்தானே இருக்கேன், கிராணியாரே?”

“அத துரைகிட்ட சொல்லட்டா?”

“வேணாம்லா.”

கரண்டு சைக்கிளின் குணம் விசித்திரமானது. இறக்கத்தில் மோட்டாரே தேவையில்லை. அங்கே அது யானைபலத்தோடு இருக்கும். ஏற்றத்தில்தான் தேவை, அங்கே அதற்கு மூச்சு வாங்கும். காலையும் போட்டு மிதித்தால், மனசு வைத்து ஏறும். குறுக்குப் பாதையின் படிகள் ஆகாது, ரோட்டில்தான் போக வேண்டும். ரோடு சுற்று. இத்தனையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தாலும் நல்ல நாளில் மாடசாமியின் நடையைவிடச் சற்று முந்திப் போய்ச் சேரும். அந்தச் ‘சற்று’க்காகத் துரை பெருமைப்பட்டார். கொஞ்ச நாளில் அந்தப் பெருமை மாடசாமிக்கும் தொற்றிக்கொண்டது.

“மாமா, ரெண்டு பக்கமும் தொங்குதே, சீதனமா?” என்று கொழுந்து மலையிலிருந்து பெண்கள் கத்துவார்கள்.

“ஆமா, ஒங்க அத்தை வீட்டுல அப்பக் குடுக்கல, இப்பக் கொண்டாறாங்க!” என்பார் இவர். இருபது வருஷம் நடந்து போனபோது அவரை யாரும் கேலி செய்ததில்லை. கவனித்திருந்தால்தானே கேலி செய்ய.

ஐப்பசியில் கம்பெனி ஆண்டு மலருக்காக ஒருவர் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார். கார்த்திகை மழையில் லோரி ரோட்டின் நடுவில் மண் சரிந்து பாதி ரோட்டைக் கொண்டுபோயிற்று. லோரியும் துரையின் லேண்ட்ரோவரும் மேலே போக முடியாது. ஒற்றை ஆளும் சைக்கிளும் போகலாம். கரண்டு சைக்கிளின் மதிப்பு இன்னும் ஏறியது. அதன் பின்னாலேயே குளிரும் ஏறியது.

மார்கழியில் இந்த மலையில் விடியும் நேரத்துக் குளிர் எலும்பை எண்ணிப் பார்க்கும். துரை மாடசாமியைக் கூப்பிட்டு எச்சரித்தார், கிராணி அதைத் தமிழில் சொன்னார்:

“குளிர்ல பேட்ரி மந்தமாயிடுமாம். உள்ள சத்து இருக்கும், வெளிய வராது. ராத்திரி வீட்டுக்குள்ள வச்சு, கம்பளி போட்டு மூடு. முழுசா ஊட்டினாலே முக்காவாசிதான் கக்கும்.”

“பாதி ஊட்டினா?”

“பாதி ஊட்டாத.”

வீட்டில் இரண்டு கம்பளி இருந்தது. நல்லது பேட்டரிக்குப் போயிற்று. அடுப்பங்கரையில் இரண்டு பெட்டிகளும் மாப்பிள்ளை பெண் மாதிரி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மாடசாமியின் மனைவி பவளம் சொன்னாள்:

“ஒரு தாலியும் கட்டிப் படுக்க வச்சுக்குங்க. நான் சாக்குல சுருண்டுக்கறேன்.”

“வேலைக்கு ஆகுற பொருளுடி.”

“நான் என்ன, வெளயாட்டுப் பொருளா?”

இப்படிப் பொத்திப் பொத்தி வைத்த பேட்டரியைத்தான் கங்காணி சிங்காரம் கேட்டு வந்தார்.

சிங்காரம் கோயில் தலைவர். மார்கழி முழுக்க விடியற்காலையில் மாரியம்மன் கோயிலில் பஜனை நடக்கும். லவுட்ஸ்பீக்கர் வைக்காத பஜனை சாமி காதில் விழாது என்பது தோட்டத்து நம்பிக்கை. அந்த நேரத்தில் ஃபேக்டரி எஞ்சின் ஓடாது, கரண்டு கிடையாது. ஆகவே வருஷா வருஷம் லோரி டிரைவர் வீரப்பன்தான் லோரிப் பேட்டரியைக் கழற்றிக் கொடுப்பான். இந்த வருஷம் அவன் கையை விரித்துவிட்டான். “போன வருசம் பஜனை முடிஞ்சு மாட்டுனா லோரி செத்த பொணம் மாதிரி கெடக்கு. குளிரு. துரை எங்க தாத்தா பேரு வரைக்கும் விசாரிச்சுட்டாரு. சுசாலா, பெரிய தொல்லை, ஆள விடுங்க.”

“வீரப்பன் பயந்த பய” என்றார் சிங்காரம் மாடசாமியிடம். “நீ அப்படியா? ஆடித் திருவிழாவுக்கு லைட்டுக்குக் குடுத்தியே, என்ன கொறைஞ்சு போச்சு?”

“அது ஆடிண்ணே. இது மார்கழி.”

“அம்மனுக்கு ஆடி என்ன, மார்கழி என்ன?”

“பேட்ரிக்கு இருக்குண்ணே.”

கங்காணி சிரித்தார். பிறகு குரலைத் தணித்தார். “உபயம்னு ஒம் பேரச் சொல்லுவோம். தெனம். மைக்குல.”

அந்தக் கோயிலில் உபயம் என்று பேர் வாசிக்கப்பட்டவர்கள் கங்காணி, கிராணி, ரிங்லெட் டவுன் மளிகைக்காரர் போன்ற ஆட்கள். மாடசாமியின் பேரைச் சத்தமாகச் சொன்ன ஒரே இடம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களம். அதுவும் திட்டுவதற்கு முன்னால். பேட்டரி கம்பெனியுடையது. அதில் ஊட்டிய கரண்டும் கம்பெனியுடையது. அவருடையதாக இருக்கக்கூடியது பேர் ஒன்றுதான். கொடுத்துவிட்டார்.

துரைக்குத் தெரியாது. கிராணிக்கும் தெரியாது, அல்லது விடியலில் அவர் போர்வைக்கு வெளியே காதை நீட்டுவதில்லை.

அன்றிலிருந்து தினமும், இரவெல்லாம் கம்பளிக்குள் சூடு காத்த பேட்டரிகளை விடியும் முன்னே அவரே ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்க் கோயிலின் சில்லிட்ட சிமெண்டுத் தரையில் வைப்பார். பாட்டு மூடுபனிக்குள் முழங்கும். முடிவில் சிங்காரம் மைக்கைப் பிடித்து, “இன்றைய பேட்டரி உபயம், திருவாளர் மாடசாமி குடும்பத்தார்!” என்பார்.

“குடும்பத்தார்னு சொல்றாங்கள்ல, கம்பளியையும் சேத்துக்கச் சொல்லுங்க” என்றாள் பவளம். ஆனாலும் அந்த வரி வரும் நேரத்துக்கு வாசலுக்கு வந்து நின்றுகொள்வாள்.

பஜனை முடிந்ததும் பேட்டரிகளைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு நேரே வேலைக்குப் போவார். சைக்கிள் கடைசி இரண்டு வளைவில் நின்றுவிட ஆரம்பித்தது. இறங்கித் தள்ளினார். தள்ளும்போது ஒன்றைக் கண்டுபிடித்தார்: சற்று ஆறப் போட்டால் மோட்டாருக்குக் கொஞ்சம் உயிர் திரும்பும். அந்த உயிரைச் சேர்த்து வைத்து, மேல் டிவிஷன் லைன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஏறி உட்கார்ந்து, ஓட்டுநராகவே ஊருக்குள் நுழைவார். தள்ளியது மூடுபனிக்கு மட்டும் தெரியும்.

அந்த நாள் வந்தபோது மார்கழி பாதி தாண்டியிருந்தது. குளிர் அதிகம். சிங்காரம் உற்சாகத்தில் இன்னும் இரண்டு பாட்டைக் கூட்டிப் பாடச் சொன்னார். பஜனை முடிந்து, உபயம் சொல்லி, கொண்டைக்கடலை கையில் விழுந்து, மாடசாமி பேட்டரிகளை மாட்டி வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். தேயிலைக்குள்ளிருந்து தங்கராஜு உருண்டு வந்து விழுந்தான். சிங்காரத்தின் மருமகன், மேல் டிவிஷன்காரன்.

“மாமா… அம்சவல்லி…”

சிங்காரத்தின் ஒரே மகள் அவள். பிள்ளை பிறந்துவிட்டது, ஆண். பிறந்த பின் இரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி இராசம்மா ஊசி மருந்து கேட்டு அனுப்பியிருந்தாள். ஊசி போட அவளுக்குத் தெரியும். மருந்து மேலே இருக்காது. அது குளிரிலேயே வைக்க வேண்டிய மருந்து. கீழே டிஸ்பென்சரியில் மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜில்தான் இருக்கும்.

அங்கே மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் நாகரத்தினம், பஜனைப் பக்கமே வராதவர், முட்டிவலியோடு விந்தி வந்து டிஸ்பென்சரியைத் திறந்தார். மருந்தை எடுத்து ஃபிளாஸ்க்குக்குள் வைத்து மூடினார்.

“நான் பின்னாடி மெல்ல ஏறி வர்றேன். ஆனா இது இப்பவே போகணும். நிமிஷம் முக்கியம்.”

“எங்கிட்டக் குடுங்க” என்றான் தங்கராஜு. அவன் பாதம் கிழிந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

“நீ எதுக்குடா?” என்றார் சிங்காரம். “கரண்டு சைக்கிள் இருக்கு. மாடசாமி பறந்துருவான். ஏறு மாடசாமி, ஏறு!”

எல்லோரும் சைக்கிளைப் பார்த்தார்கள். அது இவ்வளவு நேரம் பாடிக் களைத்தது என்பது அங்கே இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் தகப்பன், அவருக்கு அந்நேரம் எதுவும் நினைவில்லை. மற்றவர் மாடசாமி. ‘பேட்ரி இப்பத்தாண்ணே பாடி முடிச்சது’ என்று நாக்குவரை வந்தது. சொன்னால் டிரெஸ்ஸர் காதில் விழும்; டிரெஸ்ஸர் காதில் விழுந்தால் துரை காதில் விழும். கடைசி இரண்டு வளைவுதானே, தள்ளிக்கொள்ளலாம் என்று ஃபிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார்.

முதல் வளைவு நன்றாகவே போயிற்று. இரண்டாவதில் மோட்டார் முனகியது. மிதித்தார். இரண்டு பேட்டரியையும் மோட்டாரையும் சேர்த்து மேட்டில் மிதிப்பது அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு நீந்துவது மாதிரி. நின்றது. வழக்கமாக மலையின் உச்சியில் நிற்பது இன்று அடிவாரத்திலேயே நின்றது.

இறங்கித் தள்ளினார். சற்று ஆறட்டும், உயிர் வரும்.

மூன்றாம் வளைவில் குறுக்குப் பாதை ரோட்டைக் கடந்து மேலே போகும். அங்கே நின்றார். பனி பூத்த தேயிலைக்கு நடுவே படிகள் மேலே ஏறிப் போவது தெரிந்தது. இருபது வருஷம் மிதித்த படிகள்; எந்தப் படி வழுக்கும், எந்தப் படியில் வேர் தட்டும் என்பதெல்லாம் பாதத்துக்கு மனப்பாடம். சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஏறினால்—

கை தானாகக் கைப்பிடியை முறுக்கியது. மோட்டாருக்கு உயிர் வந்திருந்தது. சைக்கிள் முன்னால் நகர்ந்தது. ‘பாத்தியா’ என்று அவருக்கே சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அது அவரைச் சுமந்துகொண்டு, குறுக்குப் பாதை கண்ணுக்கு மறைகிற தூரம் வரை மிக மரியாதையாகப் போயிற்று. பிறகு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் தள்ளினார். ஆறப் போட்டார். முறுக்கினார். நாலு சுற்று சுற்றி நின்றது. மறுபடி தள்ளினார். மனிதனை முழுசாகக் கைவிடுகிற பொருள் நல்ல பொருள். அவன் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போவான். இது கைவிடவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. திரும்பிப் போய்க் குறுக்குப் பாதையைப் பிடிக்கலாம் என்று தோன்றியபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் போகும் போலிருந்தது. மண் சரிந்த இடத்தில் சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு பேட்டரியைக் கழற்றித் தூக்கிக் கடத்தி, மற்றதையும் கடத்தி, சைக்கிளையும் கடத்தி, எல்லாவற்றையும் மறுபடி மாட்டினார். ஏன் மாட்டினார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. மாட்டுவது அவர் வேலை.

கீழே டிஸ்பென்சரி வாசலில் சிங்காரத்துக்கு நிற்க முடியவில்லை. மருமகனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு குறுக்குப் பாதையில் ஏறினார். வயசானவரும் கால் கிழிந்தவனும். இரண்டு பேரும் வெறுங்கையோடு மேலே போய்ச் சேர்ந்தார்கள்.

“மருந்து எங்க?” என்றாள் இராசம்மா.

“வரலியா? சைக்கிள் வரலியா?” என்றார் சிங்காரம்.

கடைசி வளைவில் திரும்பியபோது மாடசாமி தலையைத் தூக்கிப் பார்த்தார். மேலே ரோட்டு விளிம்பில் சிங்காரம் நின்றுகொண்டிருந்தார். தனக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஆள். சிங்காரம், தள்ளிக்கொண்டு வருகிற ஓட்டுநரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாடசாமி அப்போதுதான் சைக்கிளைத் தேயிலைக்குள் தள்ளிவிட்டு ஓடினார். பழைய கால் அது. மிச்சமிருந்த மேட்டை எப்படி ஏறியது என்று யாரும் பார்த்திருக்க முடியாது.

இராசம்மா ஃபிளாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஊசி போட்டாள். மருந்து நன்றாக ஜில்லென்றிருந்தது, துளியும் கெடவில்லை. வந்த வழியின் குளிர் அதற்கு உகந்த குளிர். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

“முன்னாடியே வந்திருந்தா எதாச்சும் பண்ணியிருக்கலாம்.”

உள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தது. லைன் முழுக்கப் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். டிரெஸ்ஸர் விந்தி விந்தி வந்து சேர்ந்தபோது அவருக்குச் செய்ய எழுத்து வேலை மட்டும் இருந்தது.

இரண்டு நாள் கழித்துத் துரை விசாரித்தார். நல்ல மனிதர், உண்மையாகவே வருத்தப்பட்டார். கிராணி தமிழில் கேட்டார்: “வண்டி எதனால நின்னுச்சு?”

மாடசாமி வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற சிங்காரம் சொன்னார்: “குளிருங்க, துரை.”

மாடசாமி அவரைப் பார்த்தார். சிங்காரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குளிருதாங்க” என்றார் மாடசாமியும்.

பொய் இல்லை. குளிர்தான். குளிரைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக் கேட்க முடியாது என்பதால் விசாரணை அதோடு முடிந்தது. இந்தச் சாதனம் குளிர்மலைக்கு ஏற்றதல்ல என்று துரை மேலிடத்துக்கு எழுதினார். வீரப்பனும் இன்னும் இரண்டு பேரும் சைக்கிளைத் தேயிலையிலிருந்து இழுத்துவந்து ஸ்டோரில் போட்டார்கள். “பேட்ரி நல்லாத்தான் இருக்கு” என்றான் வீரப்பன், தொட்டுப் பார்த்துவிட்டு. வெயில் ஏறியிருந்தது.

அம்சவல்லி இறந்த மறுநாளிலிருந்து அந்த மார்கழியில் லவுட்ஸ்பீக்கர் பாடவில்லை. அதற்கடுத்த மார்கழிகளிலும் வாயால்தான் பாடினார்கள். சிங்காரமும் மாடசாமியும் அதன் பிறகு ஒருவரோடொருவர் சண்டை போடவில்லை, பேசவும் இல்லை. திட்டுவதானால் ஒருவர் மற்றவரை எந்த இடத்தில் தொடங்கித் திட்டுவது என்பது இருவருக்குமே தெரியவில்லை. பவளம் அந்தக் கம்பளியைத் துவைத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அதன் பின்னும் சாக்கில்தான் படுத்தாள்.

ஆண்டு மலர் தை மாதம் வந்தது. ஐப்பசியிலேயே எழுதி அனுப்பிவிட்டதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாடசாமி மறுபடி கடிதப் பையைத் தோளில் போட்டுக் குறுக்குப் பாதையில் நடந்தார்; ஆபீஸ் பதிவில் மட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை மின்வாகன ஓட்டுநராகவே இருந்தார்.

அவர் செய்தது இது. விடியுமுன் பேட்டரியைக் கோயிலுக்குக் கொடுத்தார். அது தீர்ந்தது தெரிந்தும் யாரிடமும் சொல்லாமல் ஏறினார். மூன்றாம் வளைவில் குறுக்குப் பாதையைப் பார்த்தார், அதில் போகவில்லை. மருந்தைத் தோளில் வைத்துக்கொண்டு கடைசி வளைவு வரைக்கும் சைக்கிளைத் தள்ளினார்.